ரோப் (1948): அந்தக் கொலையைக் கண்டுபிடித்தது யார்? வில்சன் அம்மாவைப் பற்றிப் பேசலாம்

சோலைக்குருவி (கோத்தகிரி)

வணக்கம் நண்பர்களே. எங்கள் குறும்படக் குழு அடுத்து எடுக்க நினைப்பது, விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு மாணவர்கள் யாராலும் கண்டுபிடிக்க முடியாத கொலையைச் செய்து காட்ட முயலும் கதை. அதற்காக ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், 80 நிமிடப் படம்தான்.

நியூயார்க்கில் ஒரு மாடி வீடு. பிராண்டன், பிலிப் என்ற இரண்டு இளைஞர்கள், தங்களோடு படித்த டேவிட்டைக் கயிற்றால் நெரித்துக் கொன்று ஹாலில் கிடக்கும் பெரிய மரப்பெட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். முன்பகை கிடையாது, பணத்துக்காகவும் இல்லை. நாங்கள் மற்றவர்களுக்கு மேலானவர்கள், எங்களால் முடியும், அவ்வளவுதான். அப்புறம் அதே பெட்டியின் மேல் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி விருந்து வைக்கிறார்கள். விருந்துக்கு வருபவர்களில் டேவிட்டின் அப்பா இருக்கிறார், அவன் கட்டிக்கொள்ளப்போகும் பெண் ஜேனட் இருக்கிறாள். பள்ளி விடுதியில் இவர்களுக்கு ஆசிரியராக இருந்த ரூப்பர்ட்டும் வருகிறார் (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்). கடைசியில் அவர்தான் பெட்டியைத் திறக்கிறார்.

படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ரூப்பர்ட்டின் கூர்மையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கொலையைக் கண்டுபிடித்தது அந்த வீட்டில் வேலை செய்யும் வில்சன் அம்மா. எடித் எவன்சன் என்ற நடிகை செய்திருக்கிறார். கண்டுபிடிக்கிறோம் என்று தெரியாமலேயே கண்டுபிடிக்கிறார், அதற்காக யாரும் அவருக்கு நன்றிகூடச் சொல்வதில்லை.

கவனித்துப் பாருங்கள். விருந்துக்கான மேஜையைச் சாப்பாட்டு அறையில் அவர் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார். வெளியே போய்த் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் ஹாலில் பெட்டியின் மேல் மாற்றப்பட்டிருக்கிறது. ‘இவர்களுக்கு இன்றைக்கு என்னவோ ஆகிவிட்டது’ என்று ரூப்பர்ட்டிடம் முறையிடுகிறார். நல்ல மேஜை இருக்க, பெட்டியின் மேல் ஏன் சோறு போட வேண்டும் என்று அந்த வீட்டில் யோசித்த முதல் ஆள் அவர்தான். ரூப்பர்ட்டின் சந்தேகத்துக்கு விதை அங்கேதான் விழுகிறது.

அடுத்தது படத்திலேயே நெஞ்சைப் பிடிக்கிற இடம். டேவிட் ஏன் இன்னும் வரவில்லை என்று மற்றவர்கள் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் குரல்தான் கேட்கிறது. கேமரா பெட்டியை விட்டு நகராமல் நிற்கிறது. வில்சன் அம்மா வந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். திரும்பி வருகிறார். மெழுகுவர்த்தித் தண்டுகளை எடுத்துப் போகிறார். திரும்பி வருகிறார். துணியை மடிக்கிறார். பெட்டிக்குள் மறுபடி அடுக்க வேண்டிய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அப்புறம் மூடியில் கை வைக்கிறார். பிராண்டன் ஓடி வந்து ‘நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தடுக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. அங்கே பயமுறுத்துவது துப்பறிவாளரோ துப்பாக்கியோ கிடையாது. ஒரு அம்மா தன் வேலையை ஒழுங்காக முடிக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக, கிளம்பும் ரூப்பர்ட்டிடம் தொப்பியை மாற்றிக் கொடுத்துவிடுவதும் அவரே. உள்ளே டேவிட்டின் பெயரெழுத்துகள்.

இரண்டு பையன்களும் எல்லாவற்றையும் கணக்குப் போட்டார்கள், வீட்டு வேலை செய்கிறவரை மட்டும் ஆளாகவே கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் கதையையும் இந்தப் பக்கத்திலிருந்து எழுதலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

பனிக்காற்று (ஊட்டி)

நல்ல பார்வை, ஆனால் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறீர்கள் அக்கா. ரூப்பர்ட்டுக்குச் சந்தேகம் வருவது கோழிக் கதையில். பிலிப் பண்ணையில் கோழிக் கழுத்தைத் திருகுவான் என்று பிராண்டன் சொல்ல, அவன் ‘பொய்’ என்று கத்துகிறான். ரூப்பர்ட் அதை நேரிலேயே பார்த்திருக்கிறார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் பொய் சொல்கிறான் என்று அங்கேதான் பிடித்துக்கொள்கிறார். வில்சன் அம்மா சொன்னது வீட்டுப் புலம்பல். அதைத் துப்பாக மாற்றுவது ரூப்பர்ட்டின் மூளை. தொப்பி தற்செயல்.

சோலைக்குருவி (கோத்தகிரி)

கோழி விஷயத்தில் பிலிப் பயந்திருக்கிறான் என்று மட்டும்தான் தெரியும், தம்பி. எதை மறைக்கிறான், எங்கே மறைக்கிறான் என்பது அதில் இல்லை. பெட்டியைக் காட்டியது மேஜை மாறிய கதை. அதைச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான் அந்த வீட்டில்.

‘வீட்டுப் புலம்பல்’ என்றீர்களே, அதற்காக இதைச் சொல்கிறேன். என் அம்மா எஸ்டேட் பங்களாவில் ஆயாவாக வேலை பார்த்தவர். காலையில் அடுப்படிக்குள் நுழைந்ததும் தொட்டியில் கிடக்கும் கப்புகளைத்தான் முதலில் பார்ப்பார். எத்தனை கப், எதில் சர்க்கரை அடியில் தங்கியிருக்கிறது, எதில் காப்பி பாதியில் நிற்கிறது. ராத்திரி யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், சிரித்துப் பேசினார்களா சண்டை போட்டார்களா என்று துரை வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். கணப்பில் அள்ளும் சாம்பலை வைத்து விளக்கு எப்போது அணைந்தது என்பார். பங்களாவில் இருந்தவர்கள் அம்மா முன்னாலேயே எல்லாவற்றையும் பேசினார்கள், அம்மாவுக்குக் காது இருப்பதாகவே நினைக்காமல். ஆகவே வில்சன் அம்மா மூடியில் கை வைக்கும்போது எனக்கு அவர் யார் என்று தெரியும்.

வழக்குமன்றம் (குன்னூர்)

சோலைக்குருவி சொல்வதற்கு நிஜ வழக்கிலேயே சான்று இருக்கிறது. பலருக்கும் தெரிந்த வழக்குதான், இந்தக் கோணத்தில் யாரும் பார்த்து நான் கேட்டதில்லை.

பாட்ரிக் ஹாமில்டன் 1929இல் எழுதிய மேடை நாடகத்திலிருந்து வந்தது படம். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1924 மே 21 அன்று, சிகாகோவில் நேதன் லியோபால்டு (19), ரிச்சர்ட் லோப் (18) என்ற இரண்டு பணக்கார வீட்டு மாணவர்கள் பாபி பிராங்க்ஸ் என்ற 14 வயதுப் பையனைக் கொன்றார்கள். இருவரும் படிப்பில் கெட்டிக்காரர்கள். மாதக்கணக்கில் திட்டம். வாடகைக் கார், பொய்ப்பெயர், 10,000 டாலர் கேட்டுக் கடிதம்.

உடலை ஊருக்கு வெளியே ரயில்பாதைக்கு அடியில் ஓடும் ஒரு மதகுக்குள் திணித்தார்கள், வருடக்கணக்கில் கிடக்கும் என்று. மறுநாளே அந்த வழியாக நடந்துபோன ஒரு தொழிலாளியின் கண்ணில் அந்தப் பையனின் கால் தென்பட்டது. பக்கத்தில் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தது ஒரு ரயில்வே ஊழியர். கண்ணாடி சாதாரணமானது, அதன் கீல் மட்டும் புது மாதிரி. சிகாகோவில் அந்தக் கீல் வைத்து விற்றது மூன்றே பேருக்கு என்று கடைக்காரர்கள் ரசீதுகளைப் புரட்டிக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒருவன் லியோபால்டு.

அப்போதும் அசரவில்லை அவர்கள். அன்றைக்கு லியோபால்டின் காரில் பெண்களோடு சுற்றிக்கொண்டிருந்தோம் என்று இருவரும் ஒரே கதை சொன்னார்கள். அதை உடைத்தது யார்? லியோபால்டு வீட்டு டிரைவர். அந்த மனிதர் முதலாளியின் பையனுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, அன்று முழுக்கக் கார் ஷெட்டில்தான் நின்றது, நான்தான் ரிப்பேர் பார்த்தேன் என்றார். அதோடு முடிந்தது. மே 31இல் ஒப்புதல் வாக்குமூலம்.

தொழிலாளி, ரயில்வே ஊழியர், கடைக்காரர், டிரைவர். காவல்துறையின் துப்பு எல்லாமே இவர்கள் கையிலிருந்து போனது.

பனிக்காற்று (ஊட்டி)

டிரைவர் விஷயம் எனக்குத் தெரியாது வக்கீல் சார். இதற்குப் பதில் யோசிக்க வேண்டும்.

கரும்பலகை (அரவங்காடு)

நான் பள்ளியில் பாடம் எடுப்பவள். எனக்கு இந்தப் படத்தில் உறுத்துவது ரூப்பர்ட். விருந்தில் உட்கார்ந்துகொண்டு, கொலை ஒரு கலை, மேலான சிலருக்கு அந்த உரிமை இருக்கலாம் என்று நகைச்சுவையாகப் பேசுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். டேவிட்டின் அப்பா மட்டும் முகம் சுளித்து, ‘மேலான மனிதன்’ என்று எழுதிய ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் பேச்சிலிருந்து ஹிட்லர் வரைக்கும் இழுத்துக் கேட்கிறார். போர் முடிந்து மூன்றே வருடத்தில் வந்த படம் என்பதை மறக்கக் கூடாது. அந்த அப்பாவின் கோபம்தான் அன்றைய பார்வையாளர்களின் கோபமாகவும் இருந்திருக்கும்.

பெட்டியைத் திறந்து பார்த்த பிறகு ரூப்பர்ட், என் சொல்லுக்கு நான் நினைக்காத அர்த்தத்தைக் கொடுத்துவிட்டாய் என்று பிராண்டனைத் திட்டுகிறார். எனக்கு அது போதவில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் எப்படி என்று இந்த மலையில் இருக்கும் நமக்குத் தெரியும். அப்பா அம்மா தொலைவில். பதினாலு வயதில் ஒரு ஆசிரியர் சும்மா சொன்ன சொல்லை வருடக்கணக்கில் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் எது சிரிப்புக்காகச் சொன்னது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாத பிள்ளை எப்போதும் ஒருத்தன் இருப்பான். வில்சன் அம்மாவின் பக்கம் நின்று எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசிரியரை மட்டும் சுலபமாக விட்டுவிடாதீர்கள்.

வழக்குமன்றம் (குன்னூர்)

டீச்சர் சொன்னது அந்தச் சிகாகோ வழக்கில் நீதிமன்றத்திலேயே வந்த வாதம். மாணவர்கள் சார்பில் வாதாடிய கிளாரன்ஸ் டாரோ, பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்த தத்துவத்துக்காகப் 19 வயதுப் பையனைத் தூக்கில் போடுவது நியாயமா என்று கேட்டார். ஜூரி முன்னால் போனால் தூக்கு நிச்சயம் என்று தெரிந்து, குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, தண்டனையை மட்டும் நீதிபதி ஒருவரே தீர்மானிக்கும் வழிக்குக் கொண்டுபோனார். நீதிபதி கேவர்லி அவர்களின் வயதைப் பார்த்து ஆயுள் தண்டனையும், கடத்தலுக்குத் தனியாக 99 ஆண்டும் கொடுத்தார். லோப் 1936இல் சிறையில் சக கைதியால் கொல்லப்பட்டான். லியோபால்டு 1958இல் வெளியே வந்து போர்ட்டோ ரிக்கோ போனான், 1971இல் இறந்தான்.

என்னிடம் கேட்டால் டாரோவின் வாதத்தில் பாதியைத்தான் ஏற்பேன். மரண தண்டனை வேண்டாம் என்றதில் அவரோடு நிற்கிறேன். தத்துவத்தின் மேல் பழியைப் போட்டதில் இல்லை. அதே வகுப்பில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்ட மற்ற மாணவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

இருட்டறை (இந்துநகர், ஊட்டி)

நான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். 1967இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை. இப்போதிருக்கும் பிள்ளைகளுக்கு மூடிய கட்டடம்தான் தெரியும். ‘வெட்டே இல்லாத படம்’ என்று ‘ரோப்’பைச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பிலிம் தொட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்கு 16 சட்டம் (ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம்). நொடிக்கு 24 சட்டம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி போகும். கேமராவில் மாட்டும் சுருள் 1000 அடி. வகுத்துப் பாருங்கள், 11 நிமிடத்தைத் தொட்டதும் தீர்ந்துவிடும். எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தாலும் அந்த ஆயிரம் அடிக்கு மேல் ஒரு சட்டம் எடுக்க முடியாது. அதனால்தான் சுருள் மாற்ற வேண்டிய சில இடங்களில் கேமரா யாராவது ஒருவரின் கோட்டு முதுகில் போய் ஒட்டிக்கொள்கிறது. திரை கறுப்பாகும், அங்கே சுருளை மாற்றியிருக்கிறார்கள். தியேட்டரில் ஓட்டும் ரீல் 2000 அடி, இருபது நிமிடத்துக்கு மேல் வரும். ஆபரேட்டர் ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அந்த இடங்களில் ஹிட்ச்காக் ஒளிக்காமல் நேராகவே வெட்டியிருக்கிறார். பனிக்காற்று தம்பி சொன்ன கோழிக் கதையில், பிலிப் கத்தியதும் ரூப்பர்ட்டின் முகம் வருகிறதே, அது அப்படி ஒரு நேர் வெட்டு. இன்னொன்று வில்சன் அம்மா குறுக்கிட்டுப் பேசும் இடத்தையொட்டி வருகிறது. உங்கள் இருவர் கட்சிக்கும் ஆளுக்கொரு வெட்டு.

அது ஹிட்ச்காக்கின் முதல் வண்ணப்படம். டெக்னிகலர் கேமரா ஒரே நேரத்தில் மூன்று பிலிமில் பதிவு செய்யும், அலமாரி அளவுக்குப் பெரியது. அது ஒரு சின்ன வீட்டுக்குள் நகர வேண்டுமானால் சுவரும் மேஜையும் நாற்காலியும் வழிவிட வேண்டும். சுவர்களைத் தண்டவாளம் போட்டு நகர்த்தினார்கள். ஆட்கள் சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், கேமரா திரும்புவதற்குள் அதே இடத்தில் வைத்தார்கள். ஒருவர் ஒரு நொடி பிந்தினால் பத்து நிமிட ஷாட்டும் வீண்.

எங்கள் வேலையும் அப்படித்தான். வண்ணப் பிலிமை முழு இருட்டில்தான் கையாள முடியும். ஓரத்தை விரல் நுனியால் தடவித் துளை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்போம். அந்தப் படச்சுருளில் யார் முகம் பதியப்போகிறது என்று எங்களுக்குத் தெரியாது, எங்கள் விரல் பட்டது அவர்களுக்கும் தெரியாது. சோலைக்குருவி, உன் பார்வை சரி அம்மா. தைரியமாக எழுது.

பனிக்காற்று (ஊட்டி)

ஐயா, கணக்கோடு சொன்னதற்கு நன்றி. நேர் வெட்டு வரும் இடங்களை இன்றைக்கே மறுபடி பார்க்கிறேன்.

இன்னொரு படத்தையும் இதில் சேர்க்கலாம். 2002இல் வந்த ‘மர்டர் பை நம்பர்ஸ்’. சாண்ட்ரா புல்லக் போலீஸ், ரையான் காஸ்லிங் கொலை செய்யும் இரண்டு மாணவர்களில் ஒருவர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்பதால் தடயவியல் எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். பழியைப் போடுவதற்கு அவர்கள் தேர்ந்தெடுப்பது பள்ளியில் துப்புரவு வேலை செய்யும் ஆளை. அவன் வீட்டில் தடயத்தை வைத்து, அவனையும் கொன்று, தற்கொலை போலக் காட்டுகிறார்கள். அவன் செத்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்புதான். படம் எனக்குச் சுமார்தான், அந்த ஒரு விஷயம் மட்டும் இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

ஆனாலும் ரூப்பர்ட் விஷயத்தில் என் கட்சி அப்படியே இருக்கிறது. கேட்டதைக் கோத்துப் பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும்.

செண்பகனூர்வாசி (கொடைக்கானல்)

குறும்படம் பற்றி ஒரு வேண்டுகோள். எங்கள் ஊரைச் சினிமாவில் காட்டினால் இரண்டே விஷயம்தான், தேனிலவு அல்லது பிணத்தைத் தள்ளும் பள்ளம். பனி வந்தால் கொலை, பனி விலகினால் பாட்டு. பனி மூடினால் எல்லாம் மறைந்துவிடும் என்பது கீழேயிருந்து வருகிறவர்களின் நினைப்பு.

விழுந்தவர்களைத் தேடி இங்கே கயிறு கட்டி இறங்குபவர்கள் தீயணைப்புத் துறைக்காரர்களும் அவர்களோடு போகும் உள்ளூர்ப் பையன்களும். உடலை மேலே கொண்டுவந்துவிட்டு அன்றைக்குச் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தப் படத்திலும் அவர்கள் ஒரு காட்சியில்கூட வரவில்லை. தயவுசெய்து பள்ளத்தை அழகாகக் காட்டாதீர்கள்.

சோலைக்குருவி (கோத்தகிரி)

கண்டிப்பாக மாட்டோம் அண்ணா. பள்ளமே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கதை முழுக்க ஒரு பங்களாவுக்குள்.

நீங்கள் சொன்ன அந்த நினைப்பைத்தான் பையன்களுக்குக் கொடுக்கப்போகிறேன். சமவெளியிலிருந்து வந்து விடுதியில் படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு மலை என்றால் ஆளில்லாத இடம். உண்மையில் இங்கே ஆளில்லாத நேரம் எது? விடிவதற்கு முன் பால் வண்டி போகிறது. கொழுந்து எடுக்கிறவர்கள் கிளம்பி மேட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மேஸ்திரி ஒவ்வொரு வரிசையிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். கரடி வந்த வழியையே காலையில் தடம் பார்த்துச் சொல்லிவிடும் ஊர் இது, புது ஆளின் செருப்புத் தடமா தெரியாது? மலை ஏறும் வெளியூர் வண்டிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேறு. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வழியில் நிறுத்திக் குனிந்து பார்க்கிறார்கள்.

கரும்பலகை டீச்சர், ஆசிரியரை விடமாட்டேன். கடைசியில் அவர் பேசும் நீண்ட வசனத்தை எடுத்துவிட்டேன். ஆயா கேட்க, அவர் பதில் சொல்ல முடியாமல் நிற்பது மாதிரி மாற்றுகிறேன்.

பனிக்காற்று, ஒன்று ஏற்றுக்கொள்கிறேன், கோத்துப் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் கதையில் கோத்துப் பார்ப்பதும் ஆயாவே செய்யட்டும், சரியா?

பனிக்காற்று (ஊட்டி)

சரி அக்கா. அவர் எப்படிக் கோக்கிறார் என்று காட்டினால் ஒத்துக்கொள்கிறேன். வெறுமனே நல்லவர் என்பதால் கண்டுபிடித்தார் என்று வைக்காதீர்கள்.

சோலைக்குருவி (கோத்தகிரி)

நேற்று அம்மாவிடம் காட்சியைப் படித்துக் காட்டினேன். ஆயா நேராகப் பெட்டியிடம் போவதாக எழுதியிருந்தேன். அப்படிப் போகமாட்டாள் என்றார் அம்மா. முதலில் சாப்பாட்டு மேஜை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பாளாம், கறை பட்டிருந்தால் திட்டு அவளுக்குத்தான் விழும். விரிப்பு சுத்தமாக இருந்தால், இங்கே யாரும் சாப்பிடவே இல்லை என்று தெரிந்துவிடும். அப்புறம் தட்டுகளை எண்ணுவாள். ஒரு தட்டு அதிகமாக எடுத்து வைக்கப்பட்டு, தொடாமலே இருக்கிறது. வர வேண்டியவர் ஒருவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் புத்தகங்கள் ஏன் தரையில் கிடக்கின்றன என்று பார்ப்பாள்.

பனிக்காற்று கேட்டது கிடைத்துவிட்டது. இந்த வரிசையிலேயே எழுதிவிட்டேன். தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்குள் படப்பிடிப்பை முடிக்க வேண்டும். விறகடுப்பும் கணப்பும் இன்னும் புழக்கத்தில் இருக்கிற பழைய பங்களா ஒன்று, கோத்தகிரி குன்னூர் பக்கம் யாருக்காவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

இருட்டறை (இந்துநகர், ஊட்டி)

குன்னூர் பக்கம் ஒரு பங்களா தெரியும் அம்மா. பார்த்துக்கொள்கிற வாட்ச்மேன் எங்கள் பழைய ஆள்தான். முதலில் அவரிடம் பேசு, அப்புறம் உரிமையாளரிடம் போகலாம். விவரம் தனியாக அனுப்புகிறேன்.